சுற்றி வந்து பார்க்க வேண்டிய அருங்காட்சியகங்கள்: லண்டனிலிருந்து கெய்ரோ வரை

லண்டன், வெள்ளிக்கிழமை

பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரவு எட்டரை மணி வரை திறந்திருக்கும். அதற்காகவே பயணத்தை வெள்ளியன்று தொடங்கும்படி அமைத்துக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுலாக் குழுக்களும் கலைந்துவிடுகிறார்கள். பகலில் முண்டியடித்தால்தான் நெருங்க முடியும் என்கிற ரொசெட்டா கல்லை அந்த நேரத்தில் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே நின்று, வேண்டிய மட்டும் பார்க்கலாம்.

எல்லோரும் கல்லின் முகப்பைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். முகப்பில் இருப்பது கி.மு. 196இல் ஐந்தாம் தாலமி மன்னனைப் போற்றி எகிப்தியப் பூசாரிகள் வெளியிட்ட ஆணை. மேற்பகுதி உடைந்துபோனதால் சித்திர எழுத்தில் 14 வரிகளே மிச்சம். அதன் கீழே எகிப்தியரின் அன்றாட எழுத்தான டெமோட்டிக், அதற்கும் கீழே கிரேக்கம். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822இல் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தது இந்தக் கல்லின் துணையோடுதான். பள்ளிப் பாடத்தில் வந்த செய்தி இது. நான் பார்க்க வந்தது கல்லின் விளிம்புகளை.

இடது விளிம்பில் வெள்ளை வண்ணத்தில் ஆங்கில எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன: 1801இல் பிரிட்டிஷ் படை எகிப்தில் கைப்பற்றியது. வலது விளிம்பில், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வழங்கியது. 1799 ஜூலையில் ரஷீத் (ரொசெட்டா) நகருக்கு அருகே ஒரு பழைய கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டிருந்தபோது இந்தக் கல்லைக் கண்டெடுத்தவர்கள் நெப்போலியனின் வீரர்கள். இரண்டே ஆண்டுகளில் அவர்கள் தோற்றார்கள். சரணடைந்த உடன்படிக்கையின்படி கல் கைமாறியது. 1802இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தது. அந்தக் கதை முழுவதும் இரண்டு விளிம்புகளில் இரண்டு வரிகளாக நிற்கிறது. முகப்பை மட்டும் பார்த்தால் தாலமி மட்டும்தான் கிடைப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெகுகாலம் இந்தக் கல்லைக் கன்னங்கறுப்பு என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1999இல் சுத்தம் செய்தபோது பழைய மெழுகும் மையும் நீங்கி, சாம்பல் நிறக் கல்லும் மேல் மூலையில் ஓடும் இளஞ்சிவப்பு ரேகையும் வெளிவந்தன. கீழே இடது மூலையில் ஒரு சிறு சதுரத்தை மட்டும் சுத்தம் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியாக. அந்தச் சதுரத்தைக் கண்டுபிடிக்கக் குனிந்து, தலையைச் சாய்த்து, நேரம் எடுத்துத் தேடினேன். அகப்பட்டது.

பத்தாம் எண் அறையில் இன்றைய ஈராக்கிலுள்ள நினிவே நகரத்து அசிரிய மன்னன் அஷுர்பானிபாலின் சிங்க வேட்டை. கி.மு. 645ஐ ஒட்டிய புடைப்புச் சிற்பங்கள். அம்பு தைத்து, பின்னங்கால்கள் செயலிழந்து, முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு கர்ஜிக்கும் பெண் சிங்கத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். உலகக் கலையில் வலியை இவ்வளவு உண்மையாகச் செதுக்கியவர்கள் மிகக் குறைவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் சில அடிகள் தள்ளி, கூண்டின் கதவை மேலே தூக்கிச் சிங்கத்தை வெளியே விடும் சின்னஞ்சிறு ஆளையும் பாருங்கள். அவன் தனக்கென்று ஒரு குட்டிக் கூண்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறான். மன்னனின் வீரம் ஏற்பாடு செய்யப்பட்ட வீரம் என்பதைச் சிற்பியே மறைக்காமல் செதுக்கிவைத்துவிட்டான்.

இந்தச் சிற்பங்களை 1853இல் தோண்டி எடுத்தவர் மோசுலில் பிறந்த ஹோர்முஸ்த் ரஸ்ஸாம். நினிவே இடிபாட்டு மேட்டின் அந்தப் பகுதி பிரெஞ்சுக்காரர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்ததால் ஆட்களை வைத்து இரவில் தோண்டினார். பகல் வெளிச்சத்தில் வேட்டையாடிய மன்னனின் சுவர்கள், இருட்டில் வெளியே வந்தன.

லண்டன், சனிக்கிழமை

காலையில் கதவு திறந்தவுடன் நேராகச் சிறகு முளைத்த காளைகளிடம் போனேன். ஈராக்கின் கோர்சாபாத்தில் அசிரிய மன்னன் இரண்டாம் சார்கோனின் அரண்மனை வாயிலைக் காத்தவை. மனிதத் தலை, காளை உடல், கழுகுச் சிறகு. இவற்றுக்கு ஐந்து கால்கள். எதிரே நின்றால் இரண்டு கால்களை ஊன்றி அசையாமல் நிற்கும். பக்கவாட்டில் போனால் நான்கு கால்களால் நடக்கும். வருகிறவனைத் தடுத்து நிற்பதும், கடந்து போகிறவனோடு கூடவே நடப்பதும் ஒரே காளைதான். நடந்து பார்க்கிறவனுக்காகவே செதுக்கிய சிற்பம் இது.

கால்களுக்கு நடுவே பீடத்தில் குனிந்து பாருங்கள். கோணல்மாணலாகச் சில கட்டங்கள் கீறப்பட்டிருக்கின்றன. வாயிலில் காவல் இருந்தவர்கள் பொழுதுபோகாமல் கீறிக்கொண்ட விளையாட்டுப் பலகை அது. பேரரசன் தன் பெருமையை நினைவூட்டச் செய்த சிலையின் காலடியில், பெயர் தெரியாத காவலாளிகளின் சோம்பலான பிற்பகல்கள் பதிந்துகிடக்கின்றன. இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், இந்தக் கட்டங்களைத்தான் சொல்வேன்.

பிறகு பதினெட்டாம் எண் அறை. பார்த்தெனான் சிற்பங்கள். பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801 முதல் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றிலுள்ள பார்த்தெனான் கோயிலிலிருந்து இறக்கியவை. 1816இல் நாடாளுமன்றம் 35,000 பவுண்டுக்கு வாங்கியது. இங்கே கட்டாயம் பின்பக்கம் போக வேண்டும். கோயிலின் முக்கோண முகட்டில், தரையிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத உயரத்தில், சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்த தெய்வங்கள் இவர்கள். அந்த முதுகுகளை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிற்பிகள் நினைக்கவில்லை. தோளிலிருந்து சரியும் துணியின் ஒவ்வொரு மடிப்பும் முன்பக்கத்துக்கு இணையான கவனத்தோடு செதுக்கப்பட்டிருக்கிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் மேலே ஏற்றிவைத்த பிறகு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்த முதுகுகளை யாரும் சரியாகப் பார்த்திருக்க முடியாது. இன்று நாம் பார்க்கிறோம், ஆனால் பார்க்க முடிவதற்குக் காரணம் அவை பெயர்த்தெடுக்கப்பட்டதுதான். இந்த இரண்டையும் ஒன்றாக மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த அறையில் நடக்க முடிகிறது.

சுவரை ஒட்டி ஊர்வலச் சிற்பப்பட்டை. எடையைக் குறைக்க எல்ஜினின் ஆட்கள் பலகைகளின் பின்பக்கத்தை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டார்கள். கோயிலின் சுவராகவே இருந்த கல், படம்போல மாட்டும் பலகையாகியது அப்படித்தான். பக்கத்து அறையில், அதே குன்றிலுள்ள எரெக்தியான் கோயிலின் தூணாக நின்ற கன்னிகளில் ஒருத்தி தனியாக நிற்கிறாள். அவளுடைய சகோதரிகளை ஏதென்ஸில் பார்க்க வேண்டும்.

பாரிஸ், திங்கட்கிழமை

லூவ்ர் செவ்வாயன்று விடுமுறை என்பதால் திங்களன்று கூட்டம் அதிகம். நுழைவுச்சீட்டை நேரத்தோடு முன்பதிவு செய்துவிடுங்கள். கண்ணாடிப் பிரமிடுக்கு அடியில் இறங்கியதும் முக்கால்வாசிப் பேர் மோனாலிசாவை நோக்கிப் போகிறார்கள். எதிர்ப்பக்கம், ரிஷ்லியூ பகுதிக்குப் போனால் நிம்மதியாக மூச்சு விடலாம்.

அங்கேதான் பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டக் கல். இரண்டேகால் மீட்டர் உயரக் கருங்கல். உச்சியில் நீதியின் கடவுளான ஷமாஷ் முன்னால் மன்னன் கையை வாயருகே உயர்த்தி வணங்கி நிற்கிறான். அதன் கீழே, முன்னும் பின்னும், ஆப்பெழுத்து நெருக்கமாக ஓடுகிறது. பின்பக்கம் போய்ப் படிக்கிறவர்கள் அரிது. எழுத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

முன்பக்கத்தின் அடியில் ஒரு வழுவழுப்பான வெற்றிடம். சட்டங்களின் சில பத்திகள் அங்கே செதுக்கி நீக்கப்பட்டிருக்கின்றன. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஈலாம் மன்னன் ஷுத்ருக் நஹ்ஹுந்தே பாபிலோனிய நாட்டைச் சூறையாடி, இந்தக் கல்லைத் தன் தலைநகர் சூசாவுக்குக் கொண்டுபோனான். கைப்பற்றிய கற்களில் தன் பெயரைப் பொறிப்பது அவன் வழக்கம். இதிலும் இடத்தைத் துடைத்தெடுத்தவன், என்ன காரணத்தாலோ எழுதாமலே விட்டுவிட்டான். பிரெஞ்சு அகழாய்வாளர்கள் 1901-02இல் இதைக் கண்டெடுத்தது ஈராக்கில் அல்ல, ஈரானின் சூசாவில். வெற்றி பெற்றவன் தோற்றவனின் கல்லைத் தூக்கிப்போவது ஐரோப்பியர் கண்டுபிடித்த பழக்கம் அல்ல. இந்தக் கல் அதற்கு மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய சாட்சி. அதற்காக அந்தப் பழக்கத்தை நியாயம் என்று சொல்லிவிட முடியாது. துடைத்த இடம் இன்னமும் துடைத்த இடமாகத்தான் இருக்கிறது.

கோர்சாபாத் முற்றத்தில் லண்டன் காளைகளின் உறவினர்கள் நிற்கிறார்கள். கூரைக் கண்ணாடி வழியே வரும் இயற்கை வெளிச்சத்தில் லண்டனைவிட இங்கே அழகாகத் தெரிகின்றன. பாரிஸுக்கு அனுப்பிய சிற்பப் பெட்டிகளில் பெரும்பகுதி 1855இல் ஈராக்கின் குர்னா அருகே தெப்பங்களோடு ஆற்றில் மூழ்கிப்போனது. இங்கே இருப்பது தப்பிப் பிழைத்தது.

பாரிஸ், செவ்வாய்க்கிழமை

லூவ்ர் மூடிய நாளில் ஓர்சே திறந்திருக்கும். 1900ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம். 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மோனே போன்றவர்கள் மேல்தளத்தில். நான் அதிக நேரம் நின்றது தேகா செய்த பதினான்கு வயது நடனச் சிறுமியின் வெண்கலச் சிலையிடம். முன்னால் நின்றால் நிமிர்ந்த மோவாயும் திமிரும். பின்னால் போனால் விரல்களை விரல்களோடு கோத்து இறுக்கிப் பிடித்திருக்கும் கைகள். வெண்கலத்தின் மேல் உண்மையான துணிப் பாவாடை, சடையில் உண்மையான பட்டு நாடா. அவளுடைய பதற்றம் அந்தக் கைகளில்தான் இருக்கிறது.

பாரிஸ், புதன்கிழமை இரவு

லூவ்ர் புதன், வெள்ளி நாட்களில் இரவு ஒன்பது வரை. ஆறு மணிக்கு மேல் தாரு படிக்கட்டில் ஏறினால் சமோத்ராஸின் சிறகுள்ள வெற்றித் தெய்வம் உங்களுக்கு எதிரே. கப்பல் முனையில் வந்திறங்கும் அந்தப் பெண்ணுக்குத் தலை இல்லை, கைகள் இல்லை. காற்றில் உடலோடு ஒட்டிய ஆடை மட்டும் இருக்கிறது. 1863இல் ஏஜியன் கடலின் சமோத்ராஸ் தீவில் துண்டு துண்டாகக் கிடைத்தவள்.

அவளுடைய இடது பக்கமாக, முக்கால் கோணத்தில் போய் நில்லுங்கள். அந்தக் கோணத்துக்காகவே செதுக்கியிருக்கிறார்கள். வலது பக்கம் போனால் மடிப்புகள் எளிமையாகிவிடுகின்றன. அந்தப் பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சிற்பிக்குத் தெரியும். வலது சிறகு முழுவதுமே இடது சிறகை எதிர்மறையாக வார்த்த சாந்துப் பிரதி. பார்த்தெனான் சிற்பி யாரும் காணாத முதுகைச் செதுக்கினான். இவன் காணாத பக்கத்தை விட்டுவிட்டு, காணும் பக்கத்தில் உயிரைக் கொட்டினான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைத்தது என் பாக்கியம். அருகில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் 1950இல் தீவில் கிடைத்த அவளுடைய வலது கை இருக்கிறது. படியில் ஏறி இறங்குகிறவர்கள் அதைப் பார்க்காமலே போகிறார்கள்.

மோனாலிசா இருக்கும் அறைக்கும் போனேன். 77க்கு 53 சென்டிமீட்டர் பலகை. கூட்டத்துக்கு அப்பால், கண்ணாடிக்குப் பின்னால். அந்த வரிசையில் நின்று வெளியேறும்போது திரும்பிப் பாருங்கள். எதிர்ச் சுவரை முழுவதும் அடைத்திருப்பது வெரோனேசே 1563இல் முடித்த ‘கானா ஊர்த் திருமணம்’. ஏறத்தாழ பத்து மீட்டர் அகலம். நூற்றுக்கும் மேற்பட்ட விருந்தாளிகள், இசைக்கலைஞர்கள், நாய்கள், மேலே இறைச்சி வெட்டும் ஆட்கள். லூவ்ரின் மிகப்பெரிய ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

வெனிஸில் சான் ஜோர்ஜோ மஜ்ஜோரே மடத்தின் உணவுக்கூடத்துக்காக வரைந்தது இது. துறவிகள் உணவருந்தும் சுவரில் ஒரு விருந்து. 1797இல் நெப்போலியனின் படை இதைத் துண்டுகளாக வெட்டி எடுத்து வந்தது. 1815இல் கொள்ளைபோன பல படைப்புகள் இத்தாலிக்குத் திரும்பியபோதும் இது திரும்பவில்லை. பயணத்தைத் தாங்காது என்றார்கள், ஈடாக லெ ப்ரூனின் ஓவியம் ஒன்றைக் கொடுத்தார்கள். 2007இல் இதை அங்குலம் அங்குலமாக ஸ்கேன் செய்து, அதே அளவில் பிரதி உருவாக்கி, வெனிஸில் பழைய சுவரிலேயே பொருத்தினார்கள். அசல் பாரிஸில், இடம் வெனிஸில். பிரதியைப் பார்த்தவர்கள் சிலர் அங்கேதான் ஓவியம் புரிகிறது என்கிறார்கள். நான் நம்புகிறேன். இங்கே சட்டகத்துக்குள் இருக்கும் விருந்து, அங்கே அந்தக் கூடத்தின் நீட்சியாகவே வரையப்பட்டது.

பெர்லின், வெள்ளிக்கிழமை

அருங்காட்சியகத் தீவில் ஐந்து அருங்காட்சியகங்கள். பெர்கமோன் மியூசியம் 2023 அக்டோபரிலிருந்து முழுவதுமாக மூடியிருக்கிறது. புதுப்பிப்பு முடிந்து பாபிலோனின் இஷ்தார் வாயிலை மறுபடி காண இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதை மனத்தில் வைத்து வருகிறவர்கள் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நான் முழு நாளையும் நோயஸ் மியூசியத்துக்கே கொடுத்தேன்.

கட்டடத்திலிருந்தே தொடங்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சிதைந்தது. பல பத்தாண்டுகள் இடிபாடாகவே நின்றது. கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்ட் இதை மீட்டெடுத்து 2009இல் திறந்தபோது, காயங்களைப் பூசி மறைக்கவில்லை. பாதி ஓவியம் உதிர்ந்த சுவர் அப்படியே; சுவர் இல்லாத இடத்தில் பழைய செங்கல்; எரிந்துபோன படிக்கட்டு இருந்த இடத்தில் வெள்ளைக் கான்கிரீட் படிக்கட்டு. எது பழையது, எது புதியது என்று ஒவ்வொரு சுவரும் நேர்மையாகச் சொல்கிறது. நான் பார்த்த அருங்காட்சியகக் கட்டடங்களில் இதுவே மிகச் சிறந்தது.

வடக்குக் குவிமாடத்தின் அடியில் எகிப்திய ராணி நெஃபர்டிட்டியின் மார்பளவுச் சிலை தனியாக. அறையில் புகைப்படம் எடுக்கக் கூடாது. அதனால் எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம், சுண்ணாம்புக்கல், மேலே சாந்துப் பூச்சு. வலது கண்ணில் பளிங்குப் படிகம். இடது கண் வெறும் குழி. எதையும் ஒட்டிய தடயம் இல்லாததால், அங்கே கண் பதிக்கப்படவே இல்லை என்று கருதுகிறார்கள். இது துத்மோஸ் என்ற சிற்பியின் பட்டறையில் கிடைத்தது. மற்றச் சிலைகளுக்கு மாதிரியாகப் பட்டறையிலேயே இருந்திருக்கலாம்.

சுற்றி நடக்கும்போது முகம் மாறிக்கொண்டே வருகிறது. வலப்பக்கம் ராணி. இடப்பக்கம், கழுத்தின் தசைநார் நீண்டு, உயரமான நீலக் கிரீடத்தின் பாரத்தை முன்தள்ளிய தலை தாங்குவது தெரிகிறது. பின்னால் போனால் கிரீடம் மட்டுமே, ஒரு பெரிய நீலப் பரப்பு. சிடி ஸ்கேனில், சாந்துக்கு அடியில் கல்லிலேயே இன்னொரு முகம் செதுக்கியிருப்பது தெரிந்தது. அந்த முகத்தின் வாயோரத்தில் சுருக்கங்கள், மூக்கில் சிறு மேடு. மேல்பூச்சில் சிற்பி அவற்றைக் கொஞ்சம் மென்மையாக்கியிருக்கிறான்.

1912 டிசம்பர் 6இல் எகிப்தின் அமர்னாவில் ஜெர்மன் அகழாய்வாளர் லுட்விக் போர்ஷார்ட் இதைக் கண்டெடுத்தார். அப்போதைய விதிப்படி கிடைத்த பொருட்களை இரண்டு பங்காகப் பிரித்து, எகிப்தியத் தொல்பொருள் துறை எந்தப் பங்கு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும். 1913 ஜனவரி 20இல் பங்கீடு நடந்தது. துறையின் சார்பில் வந்த பிரெஞ்சு அதிகாரி, வண்ணம் தீட்டிய ஒரு குடும்பப் பலகை இருந்த பங்கை எடுத்துக்கொண்டார். நெஃபர்டிட்டி ஜெர்மனிக்கு. சிலையின் மதிப்பைப் போர்ஷார்ட் மறைத்தாரா என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. எகிப்து திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சட்டப்படி பெற்றோம் என்கிறது பெர்லின். பங்கீட்டு விதியை வகுத்த காலத்தில் எகிப்து தன்னைத் தானே ஆளவில்லை, பொறுப்பில் இருந்தவர்கள் ஐரோப்பியர்கள். அதைக் கணக்கில் எடுக்காத எந்தச் சட்ட வாதமும் எனக்கு முழுமையாகப் படவில்லை.

அகழாய்வுக்குப் பணம் கொடுத்து, சிலையை 1920இல் பெர்லினுக்கு நன்கொடையாக அளித்தவர் ஜேம்ஸ் சைமன் என்ற யூத வணிகர். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை இந்த நகரத்தின் அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தவர். நாஜிக்கள் அவர் பெயரை அழித்தார்கள். 2019இல் தீவின் புதிய நுழைவுக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் அந்தப் பெயரை ஒருமுறை வாசித்துவிட்டுப் போகட்டும்.

ஏதென்ஸ், ஞாயிற்றுக்கிழமை

அக்ரோபோலிஸ் மியூசியத்தின் வாசலிலேயே கண்ணாடித் தரை. அடியில் பழைய ஏதென்ஸின் வீடுகள், கிணறுகள், வாய்க்கால்கள். முதல் தளத்தில் எரெக்தியான் கன்னிகள் ஐவர். ஆறாமவளுக்கு இடம் விட்டுவைத்திருக்கிறார்கள். லண்டனில் நான் பார்த்தவள் அவள்தான்.

இங்கே கன்னிகளைச் சுற்றி நடக்கலாம், அதுதான் பெரிய கொடை. முகங்கள் மழையிலும் புகையிலும் தேய்ந்து, மூக்கும் வாயும் கரைந்துவிட்டன. பின்பக்கம் போங்கள். கனத்த பின்னல்கள் தோளிலிருந்து இறங்கி, முதுகின் நடுவே ஒன்றாகச் சேர்ந்து தடித்துத் தொங்குகின்றன; ஒவ்வொருத்திக்கும் பின்னல் வேறு. தலையில் கூரையைச் சுமக்கும் பெண்ணுக்குக் கழுத்து மெலிதாக இருந்தால் கல் ஒடிந்துவிடும். கழுத்துக்குப் பலம் சேர்ப்பது அந்தக் கூந்தல்தான். அலங்காரம் என்று நாம் நினைப்பது கட்டுமானம். பல ஆண்டுகள் படிந்த கறையை, இந்தத் தளத்திலேயே, பார்வையாளர்கள் கண்முன் லேசர் கொண்டு நீக்கினார்கள்.

மேல்தளம்தான் இந்த அருங்காட்சியகத்தின் உயிர். 2009இல் திறந்த இந்தக் கட்டடத்தில் மேல்தளத்தை மட்டும் கட்டடக் கலைஞர் பெர்னார் சூமி சற்றுத் திருப்பி வைத்திருக்கிறார். குன்றின் மேலுள்ள பார்த்தெனானுக்கு நேர் இணையாக. நான்கு பக்கமும் கண்ணாடி. கோயிலின் அதே நீள அகலத்தில் சிற்பப்பட்டை வெளிப்புறம் நோக்கி ஓடுகிறது. லண்டனில் ஒரு கூடத்தின் உட்சுவர்களில் அதை மாட்டியிருப்பதால், நடுவில் நின்று பார்க்கிறோம். ஊர்வலம் நம்மைச் சுற்றிவருகிறது. இங்கே நாம் ஊர்வலத்தோடு நடக்கிறோம். தென்மேற்கு மூலையில் இரண்டாகப் பிரிந்து கிளம்பும் கூட்டம், கிழக்கு முகப்பில் மீண்டும் சேர்கிறது. குதிரைகள் வேகம் பிடிப்பது, அடங்குவது, கால்நடையாக வருகிறவர்கள் நடையை நிதானப்படுத்துவது எல்லாம் நடக்கிறவனுக்குத்தான் புலப்படும். சிற்பி செய்தது இதற்காகத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

160 மீட்டர் நீளப் பட்டையில் ஏறக்குறைய 50 மீட்டர் இங்கே. லண்டனில் ஏறக்குறைய 75. ஒரு பலகை லூவ்ரில். இல்லாத இடங்களில் வெள்ளைச் சாந்து வார்ப்பு. தேன் நிறப் பளிங்கும் வெள்ளைச் சாந்தும் மாறி மாறி வரும்போது, ஒரே குதிரையின் தலை ஒரு நிறத்திலும் உடல் வேறு நிறத்திலும் இருக்கிறது. விளக்கப் பலகை எதுவும் வேண்டியதில்லை. எல்ஜினுக்கு முன்பே சேதம் நடந்துவிட்டது என்பதும் உண்மை: 1687இல் கோயிலை ஒட்டோமான்கள் வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. வத்திக்கான் தன்னிடம் இருந்த மூன்று துண்டுகளை 2023இல் திருப்பிக் கொடுத்தது. வார்ப்பு இருந்த இடத்தில் இப்போது அசல் கல். லண்டனில் இருப்பவையும் இங்கே வர வேண்டும். சனிக்கிழமை அந்த முதுகுகளைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்ளாமலே இதைச் சொல்கிறேன். இங்கேயும் முதுகுகளைப் பார்க்கலாம்.

கெய்ரோ, செவ்வாய்க்கிழமை

கிசாவில் பிரமிடுகளுக்குப் பக்கத்தில் புதிய மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம். 2025 நவம்பர் 1இல் முறையாகத் திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் பதினோரு மீட்டர் உயர இரண்டாம் ராம்சேஸ், 83 டன். 2006 வரை கெய்ரோ ரயில் நிலையத்தின் எதிரே வாகனப் புகையில் நின்றவர். அகன்ற பெரிய படிக்கட்டில் இருபுறமும் மன்னர்கள். ஏறி முடித்தால் கண்ணாடிக்கு அப்பால் பிரமிடுகள்.

இளம் மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் கிடைத்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் முதன்முறையாக ஒரே இடத்தில். 1922 நவம்பர் 4இல் அகழாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் கல்லறையின் முதல் படியைக் கண்டபோது எகிப்து விடுதலை அறிவிப்புப் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பழைய பங்கீட்டு முறைக்கு இந்தக் கல்லறையை விட்டுக்கொடுக்க அரசு மறுத்தது. அப்போது பிரித்திருந்தால் தங்கக் கட்டில் ஒரு நகரத்தில், தேர் இன்னொரு நகரத்தில், செருப்பு மூன்றாவது நகரத்தில் இருந்திருக்கும். இங்கே பத்தொன்பது வயதுக்குள் இறந்த ஒரு இளைஞனின் கைத்தடிகள், லினன் உடைகள், விளையாட்டுப் பலகைகள், தேர்கள் எல்லாம் ஒருவருடையவை என்று புரிகிறது. பல அறைகள் நடந்தேன். தங்கத்தைவிடக் கைத்தடிகளின் எண்ணிக்கைதான் என்னை உலுக்கியது.

தங்க முகமூடிக்கு எதிரே கூட்டம் நெரிகிறது. பின்பக்கம் இடம் இருக்கிறது. தோளிலும் முதுகிலும் சித்திர எழுத்துப் பத்திகள்: இறந்தவனின் ஒவ்வொரு உறுப்பையும் ஒவ்வொரு தெய்வத்தோடு இணைத்துக் காக்கும் மந்திரம். முன்பக்கம் உலகத்துக்குத் தெரிந்த முகம். காவல் முழுவதும் பின்னால் எழுதப்பட்டிருக்கிறது.

கெய்ரோ, புதன்கிழமை

தஹ்ரீர் சதுக்கத்து இளஞ்சிவப்புக் கட்டடம், 1902இல் திறந்த பழைய எகிப்திய அருங்காட்சியகம். துட்டன்காமன் கிசாவுக்குப் போய்விட்டதால் இனி இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்கவே வேண்டாம், வாருங்கள். உயரமான கூடங்களில் கூரை வெளிச்சம் தூசியோடு இறங்கும் இந்த இடத்தில் ஒரு வாரம் நடக்கலாம்.

நார்மர் பலகை, கி.மு. 3100ஐ ஒட்டியது. ஒருபுறம் மன்னன் மேல் எகிப்தின் வெள்ளைக் கிரீடத்தில் எதிரியை அடிக்கிறான். மறுபுறம் கீழ் எகிப்தின் சிவப்புக் கிரீடத்தில் ஊர்வலம் போகிறான். இரண்டு நாடு ஒன்றானது என்பதை ஒரே பக்கத்தில் சொல்ல முடியாது என்று அந்தக் கைவினைஞனுக்குத் தெரிந்திருக்கிறது. காஃப்ரே மன்னனின் சிலை, இருண்ட கடினக் கல்லில். நேர் எதிரே நின்றால் அமைதியான அரசன். பக்கவாட்டில் இரண்டு அடி வைத்தால் தலைக்குப் பின்னால் பருந்து வடிவத் தெய்வமான ஹோரஸ் சிறகை விரித்து அணைத்திருப்பது தெரிகிறது. நான்கு முறை சுற்றி வந்தேன். எதிரே திரும்பும் ஒவ்வொரு முறையும் பருந்து மறைந்துவிடுகிறது.

கடைசியாக அமர்னா அறை. நெஃபர்டிட்டியின் கணவனான மன்னன் ஆக்நாடனின் நீண்ட முகப் பெருஞ்சிலைகளைத் தாண்டி, வண்ணம் தீட்டிய சிறிய சுண்ணாம்புக்கல் பலகை ஒன்று. ஆக்நாடன் தன் மூத்த மகளுக்குக் காதணி ஒன்றை நீட்டுகிறான். எதிரே நெஃபர்டிட்டி, மடியில் மகள்கள். மேலே சூரியனின் கதிர்கள் சிறு சிறு கைகளாக இறங்குகின்றன. 1913 பங்கீட்டில் எகிப்தின் பங்காக வந்த குடும்பப் பலகை இதுதான். அந்த அதிகாரி ஏமாந்தார் என்று ஒரு நூற்றாண்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதன் முன் நின்றால் அவர் கண்ணுக்கு எது பட்டது என்று தெரிகிறது: ஒரு மன்னன் தன் பிள்ளைகளோடு விளையாடுகிறான், அதுவரையிலான எகிப்தியக் கலையில் இதற்கு ஈடாக எதைக் காட்ட முடியும்? இரண்டையும் எகிப்து வைத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெர்லினில் நெஃபர்டிட்டியைப் பார்த்தவர்கள் இந்தப் பலகையைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். தரைத்தளத்தில், வடக்குக் கோடியில் இருக்கிறது.